திருப்போரூருக்கு ஏன் விமான நிலையம் வரவில்லை? மார்க் போட்டு திட்டங்களைத் தேர்ந்தெடுக்கும் கணக்கு என்ன?

சென்னையின் இரண்டாவது விமான நிலையம் என்றதும் இப்போது எல்லோருக்கும் நினைவுக்கு வருவது பரந்தூர், ஏகனாபுரம், போராட்டம். ஆனால் அந்தப் பட்டியலில் ஒரு காலத்தில் திருப்போரூரும் இருந்தது என்பது பலருக்கு மறந்தே போயிருக்கும்.

தமிழக அரசு பரிந்துரைத்து, இந்திய விமான நிலைய ஆணையத்தின் குழு ஆய்வு செய்தவை 4 இடங்கள். படாளம், திருப்போரூர், பண்ணூர், பரந்தூர். இதில் முதல் இரண்டும் கழிக்கப்பட்டு, கடைசிச் சுற்றில் பண்ணூரும் பரந்தூரும் நின்றன. 2022 ஆகஸ்ட் தொடக்கத்தில் பரந்தூர்தான் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் அறிவித்தது. அப்போது சொல்லப்பட்ட உத்தேச மதிப்பு சுமார் 20,000 கோடி ரூபாய்.

4 இடங்களில் ஒன்றை எப்படித் தேர்வு செய்தார்கள்? ஒரு ஊர் ஏன் முதல் சுற்றிலேயே அவுட் ஆனது? இதற்குப் பின்னால் உள்ள முறைக்குப் பெயர் 'மல்டி கிரைட்டீரியா டிசிஷன் அனாலிசிஸ்'. தமிழில், பல அளவுகோல்களை வைத்து முடிவெடுப்பது. பெயரைப் பார்த்து பயப்பட வேண்டாம். நம் வீடுகளில் பல தலைமுறையாக இதைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

பத்துப் பொருத்தமும் ஒரு ரஜ்ஜுவும்

பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். ஒரு வரன் வெளிநாட்டில் வேலை, ஆனால் தூரம். இன்னொரு வரன் உள்ளூர், சம்பளம் கம்மி. மூன்றாவது வரனுக்கு எல்லாமே ஓகே, ஆனால் வீட்டில் அவ்வளவு ஒத்து வரவில்லை. சம்பளத்தை ரூபாயில் சொல்லலாம், தூரத்தை கிலோமீட்டரில் சொல்லலாம். குடும்பத்தின் குணத்தை எதில் அளப்பது? அளக்க முடியாது. ஆனாலும் கடைசியில் மூன்றையும் ஒரே தராசில் வைத்து ஒரு முடிவுக்கு வருகிறார்கள்.

ஜாதகம் பார்க்கிறவர்கள் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். பத்துப் பொருத்தத்தில் எத்தனை பொருந்துகிறது என்று எண்ணுவார்கள். ஆனால் ரஜ்ஜு பொருத்தம் இல்லை என்றால், மற்றது ஒன்பதும் இருந்தாலும் "வேண்டாம்" என்று ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஜாதகத்தை நம்புவதும் நம்பாததும் வேறு விஷயம். இங்கே கவனிக்க வேண்டியது, அளவுகோல்களில் இரண்டு வகை இருக்கிறது என்பதுதான்.

ஒன்று, மார்க் போடக்கூடியது. இதில் குறைந்தால் அதில் கூட்டிக்கொள்ளலாம். இன்னொன்று, வாசலிலேயே நிறுத்துவது. அதில் தேறாவிட்டால் மற்ற மார்க்கைப் பார்க்கவே மாட்டார்கள்.

திருப்போரூர் வாசலிலேயே நின்றது ஏன்?

திருப்போரூருக்கு நடந்தது இந்த இரண்டாவது வகைதான். ஓஎம்ஆர் சாலை, ஐடி நிறுவனங்கள், சென்னைக்கு அருகில் என்று மார்க் அள்ளக்கூடிய விஷயங்கள் இருந்தன. ஆனால் தெற்கே கல்பாக்கம் அணுமின் நிலையம், வடமேற்கே தாம்பரம் விமானப்படை நிலையம். திருப்போரூர், படாளம் இரண்டும் விலக்கப்பட்டதற்கு இவை அருகில் இருப்பதுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. பயணிகள் வந்து சேர எவ்வளவு வசதி என்பதை வைத்து அணுமின் நிலைய ஆபத்தை ஈடுகட்ட முடியாது. எனவே கூட்டல் கழித்தலுக்கே இடமில்லை.

பண்ணூரா, பரந்தூரா என்று வந்தபோதுதான் உண்மையான மார்க் கணக்கு தொடங்கியது. அகற்ற வேண்டிய வீடுகள் எங்கே குறைவு, எதிர்காலத்தில் விரிவாக்க இடம் உண்டா, விமானம் ஏறி இறங்க தடைகள் எவ்வளவு என்ற கேள்விகள். பண்ணூரைவிட பரந்தூரில் குடியிருப்புகள் குறைவு என்பது அரசு தரப்பு திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு காரணம்.

பரந்தூர் திட்டத்துக்கு 13 கிராமங்களில் 5,700 ஏக்கருக்கும் மேல் நிலம் தேவை. ஏகனாபுரம் மக்கள் 2022-லேயே போராட்டத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் சொல்வதைக் கூர்ந்து கேட்டால், அது மார்க் பற்றிய சண்டையே இல்லை. ஏரியும் வயலும் கம்பன் கால்வாயும் மற்ற பலன்களோடு கூட்டிக் கழிக்கக்கூடிய விஷயம் அல்ல என்கிறார்கள். கல்பாக்கத்தை எப்படி வாசலில் வைத்துப் பார்த்தீர்களோ, நீர்நிலையையும் அப்படி வாசலில் வையுங்கள் என்பதுதான் சாரம். அரசோ அதை ஈடுகட்டக்கூடிய விஷயமாக, இழப்பீடும் மாற்று ஏற்பாடும் செய்தால் சரியாகிவிடும் என்ற வகையில் பார்க்கிறது.

எந்த அளவுகோல் வாசலில் நிற்கும், எது கணக்குக்குள் வரும் என்பதை எந்த ஃபார்முலாவும் சொல்லாது. அதை மனிதர்கள்தான் முடிவு செய்கிறார்கள். பெரும்பாலும் கணக்கு தொடங்குவதற்கு முன்பே, ஒரு மூடிய அறையில் அது முடிந்துவிடுகிறது.

மெக்சிகோவில் இதே கதை

இந்த முறையின் பாடப்புத்தகங்களில் வரும் புகழ்பெற்ற உதாரணமும் ஒரு விமான நிலையம்தான். 1970-களின் தொடக்கத்தில் மெக்சிகோ சிட்டிக்கு எங்கே விமான நிலையம் அமைப்பது என்று அந்நாட்டு அரசுக்காக ரால்ஃப் கீனி உள்ளிட்ட நிபுணர்கள் ஆராய்ந்தார்கள். இருக்கும் இடமான டெக்ஸ்கோகோவையே விரிவாக்குவதா, நகரத்துக்கு வடக்கே சும்பாங்கோவுக்குப் போவதா? 6 அளவுகோல்கள் வைத்தார்கள். செலவு, எத்தனை விமானங்களைக் கையாள முடியும், மக்கள் வந்து சேர ஆகும் நேரம், பாதுகாப்பு, இடம்பெயர வேண்டிய மக்களின் எண்ணிக்கை, இரைச்சல்.

50 ஆண்டுகளுக்கு முன்பே 'இடம்பெயரும் மக்கள்' என்பது தனி அளவுகோலாக இருந்தது என்பது கவனிக்க வேண்டிய விஷயம். ஆனால் கதை அதோடு முடியவில்லை. 2001-ல் டெக்ஸ்கோகோ பகுதியில் புதிய விமான நிலையம் என்று அரசு அறிவித்தது. அட்டென்கோ விவசாயிகள் எதிர்த்து நின்றதால் 2002-ல் கைவிட்டது. 2014-ல் மறுபடியும் அதே பகுதி. வேலை பாதி நடந்துகொண்டிருக்கும்போது 2018-ல் பொதுமக்களிடம் கருத்துக் கேட்பு நடத்தி அதையும் ரத்து செய்தார்கள். கடைசியில் 2022 மார்ச்சில் திறக்கப்பட்ட புதிய விமான நிலையம், சாந்தா லூசியா விமானப்படைத் தளத்தில், சும்பாங்கோ பகுதியில் இருக்கிறது! நிலத்துக்காரர்கள் ஒத்துக்கொள்ளாத ஒரு மார்க் ஷீட், பேப்பரில் எவ்வளவு அழகாக இருந்தாலும் களத்தில் நிற்கவில்லை.

நம்ம ஊர் 3 கோடிக்கு வருவோம்

விமான நிலையம் பெரிய விஷயம். நம் தெருவுக்கு வருவோம். தமிழ்நாட்டில் ஒவ்வொரு சட்டமன்ற உறுப்பினருக்கும் தொகுதி மேம்பாட்டு நிதியாக ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் ஒதுக்கப்படுகிறது. கேட்க பெரிய தொகையாகத் தெரியும். திருப்போரூர் மாதிரி ஒரு பக்கம் ஓஎம்ஆர் அடுக்குமாடிகள், ஒரு பக்கம் மீனவர் குப்பங்கள், நடுவில் ஏரிப்பாசன ஊர்கள் என்று இருக்கும் இடத்தில் இது யானைப் பசிக்கு சோளப்பொரி.

2022 ஆகஸ்டில் முதலமைச்சர் ஸ்டாலின் எல்லா எம்எல்ஏக்களுக்கும் ஒரு கடிதம் எழுதினார். தொகுதியில் நிறைவேறாத கோரிக்கைகளில் முக்கியமான 10-ஐ முன்னுரிமை போட்டு மாவட்ட ஆட்சியரிடம் 15 நாளில் கொடுங்கள் என்று. 'உங்கள் தொகுதியில் முதலமைச்சர்' திட்டத்தின் கீழ் வந்த இந்த வேலை, வேறு பெயரில் ஒரு மார்க் கணக்குதான். நூறு கோரிக்கைகளில் பத்தை எடு, பத்தை வரிசைப்படுத்து. ஆனால் எதை வைத்து வரிசைப்படுத்துவது?

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். மூன்று வேலைகள். மழைநீர் கால்வாய், அரசுப் பள்ளிக்கு வகுப்பறை, சந்திப்பில் ஹைமாஸ் விளக்கு. நான்கு அளவுகோல்கள். எத்தனை பேருக்குப் பயன், எவ்வளவு அவசரம், பராமரிப்பு சுலபமா, பின்தங்கிய மக்களுக்குப் போய்ச் சேருமா. ஒவ்வொன்றுக்கும் 10-க்கு மார்க், அதே வரிசையில்:

கால்வாய்: 6, 9, 4, 7
வகுப்பறை: 5, 6, 8, 9
ஹைமாஸ் விளக்கு: 9, 4, 5, 5

இப்போது எந்த அளவுகோலுக்கு எவ்வளவு முக்கியத்துவம் என்று 100-ஐப் பங்கு போட வேண்டும். இதைத்தான் 'வெயிட்டேஜ்' என்கிறார்கள்.

முதல் பங்கீடு: பயனாளிகள் 40, அவசரம் 30, பராமரிப்பு 10, பின்தங்கியோர் 20. கால்வாய் 69, வகுப்பறை 64, விளக்கு 63. கால்வாய் ஜெயிக்கிறது.

இரண்டாவது பங்கீடு: பயனாளிகள் 60, அவசரம் 15, பராமரிப்பு 10, பின்தங்கியோர் 15. கால்வாய் 64, வகுப்பறை 60.5, விளக்கு 72.5. விளக்கு ஜெயிக்கிறது.

மூன்றாவது பங்கீடு: பயனாளிகள் 20, அவசரம் 20, பராமரிப்பு 10, பின்தங்கியோர் 50. கால்வாய் 69, வகுப்பறை 75, விளக்கு 56. வகுப்பறை ஜெயிக்கிறது.

மார்க்கில் ஒரு எண்ணைக்கூட மாற்றவில்லை. வெயிட்டேஜை மட்டும் மாற்றினோம். மூன்று முறையும் மூன்று வேறு வேலைகள் முதலிடம்! யாருக்கு எது வேண்டுமோ அதற்கு ஏற்ற பங்கீட்டைப் பின்னாலிருந்து தயார் செய்துகொள்ளலாம். அதனால்தான் விண்ணப்பங்களைப் பிரிப்பதற்கு முன்பே வெயிட்டேஜை எழுதி ஒட்டிவிட வேண்டும் என்று இந்தத் துறையில் வேலை செய்கிறவர்கள் வற்புறுத்துகிறார்கள். டெண்டரில் விலைப்புள்ளியைத் திறப்பதற்கு முன் நிபந்தனைகளை அறிவிப்பது மாதிரி.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. முதல் பங்கீட்டில் 64-க்கும் 63-க்கும் வித்தியாசம் ஒரு மார்க். அதைப் பிடித்துக்கொண்டு வகுப்பறைதான் மேல் என்று சொல்ல முடியுமா? அவசரத்துக்கு 6 போட்ட அதிகாரி இன்னொரு நாள் 5 போட்டிருந்தால் 61 ஆகி, விளக்குக்குக் கீழே போயிருக்கும். அதனால் வெயிட்டேஜையும் மார்க்கையும் கொஞ்சம் கூட்டிக் குறைத்து, முதலிடம் மாறுகிறதா என்று சோதித்துப் பார்ப்பது இந்த முறையின் கட்டாயப் பகுதி. மாறாவிட்டால் தைரியமாகக் கையெழுத்து போடலாம். மாறினால், இன்னும் விசாரிக்க வேண்டும் என்று அர்த்தம்.

பட்ஜெட் குறைவு என்றால் கணக்கு மாறும்

இதுவரை செலவைப் பற்றிப் பேசவே இல்லை. கால்வாய்க்கு 60 லட்சம், வகுப்பறைக்கு 40 லட்சம், விளக்குக்கு 10 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். இதுவும் கற்பனைதான். கையில் 70 லட்சம் இருக்கிறது. ஒரு லட்சத்துக்கு எவ்வளவு மார்க் கிடைக்கிறது என்று வகுத்துப் பார்க்கும் வழக்கம் உண்டு. முதல் பங்கீட்டின்படி விளக்குக்கு லட்சத்துக்கு 6.3, வகுப்பறைக்கு 1.6, கால்வாய்க்கு 1.15.

அப்படீன்னா 7 விளக்கு போட்டுவிடலாமா? கணக்கு அப்படித்தான் சொல்லும். ஊரெல்லாம் ஹைமாஸ் விளக்கும் பஸ் நிழற்குடையும் பளபளவென்று நிற்க, மழை பெய்தால் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும் காட்சிக்குப் பின்னால் இப்படி ஒரு கணக்கும் ஒளிந்திருக்கலாம். சின்னதாக, சீக்கிரம் முடிகிற, கல்வெட்டில் பெயர் பொறிக்க முடிகிற வேலைகளுக்கே காசு போய்க்கொண்டிருக்கும்.

தப்பு எங்கே? விளக்குக்கு 'எத்தனை பேருக்குப் பயன்' என்பதில் 9 போட்டோம் அல்லவா, அங்கே. சந்திப்பைக் கடக்கிற எல்லோரையும் பயனாளி என்று எண்ணினால் விளக்கு எப்போதும் ஜெயிக்கும். வீட்டுக்குள் தண்ணீர் வராமல் தடுக்கப்படும் ஒரு குடும்பமும், வெளிச்சத்தில் நடந்து போகிற ஒருவரும் ஒரே அளவு பயனாளிகளா? இரண்டாவது விளக்குக்கும் ஏழாவது விளக்குக்கும் அதே 63 மார்க்தானா? அளவுகோலை சரியாக வரையறுக்காமல் மார்க் மட்டும் போட்டால் கால்குலேட்டர் தப்பான விடையைத்தான் துல்லியமாகக் கொடுக்கும்.

நெம்மேலியில் யார் பயனாளி?

'எத்தனை பேருக்குப் பயன்' என்ற அளவுகோல் எவ்வளவு வில்லங்கமானது என்பதற்கு திருப்போரூர் கடற்கரையே சாட்சி. விமான நிலையம்தான் வரவில்லையே தவிர, கடல்நீரைக் குடிநீராக்கும் பெரிய ஆலைகள் இங்கேதான் வரிசையாக வந்தன. நெம்மேலியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் ஆலை 2013-ல் திறக்கப்பட்டது. அதன் பக்கத்திலேயே 15 கோடி லிட்டர் ஆலை 2024 பிப்ரவரியில். அடுத்து பேரூரில் 40 கோடி லிட்டர் ஆலைக்கு 2023 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஜப்பானின் ஜைகா நிதியுதவியுடன் 4,200 கோடி ரூபாய்க்கும் மேல் மதிப்பிலான திட்டம் அது.

சென்னையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த லட்சக்கணக்கான குடும்பங்களை ஒரு தட்டில் வைத்தால், இந்தத் திட்டங்களுக்கு முழு மார்க் போட வேண்டும். அதில் தப்பில்லை. 2019 கோடையை மறக்க முடியுமா? ஆனால் அதே நெம்மேலி ஆலை வந்தபிறகு கரை அரிக்கிறது, மீன்பாடு குறைகிறது என்று பக்கத்தில் உள்ள சூளேரிக்காட்டுக்குப்பம் மீனவர்கள் குரல் கொடுத்தார்கள், போராடினார்கள். தலை எண்ணிக்கையில் ஒரு குப்பம் ஒரு மாநகரத்தை எந்தக் காலத்திலும் ஜெயிக்க முடியாது. பயனாளி எண்ணிக்கைக்கு எவ்வளவு வெயிட்டேஜ் கூட்டுகிறோமோ அவ்வளவுக்கு அந்தக் குப்பத்தின் இழப்பு பட்டியலில் கீழே தள்ளப்படும்.

இதற்கு ஒரு வழி, 'யாருக்கு லாபம்' என்பதையும் 'யாருக்கு நஷ்டம்' என்பதையும் ஒரே எண்ணாகக் கலக்காமல் தனித்தனி அளவுகோலாக வைப்பது. மெக்சிகோ கணக்கில் பயணிகளின் வசதி ஒரு வரி, இடம்பெயர்வோர் ஒரு வரி என்று இருந்தது இப்படித்தான். ஒரே எண்ணாகக் கலந்துவிட்டால் குப்பம் கண்ணிலேயே படாது. தனி வரியாக இருந்தால், கையெழுத்துப் போடுகிறவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டியிருக்கும்.

வெயிட்டேஜ் வெளியே தெரிந்தால் என்ன ஆகும்?

சண்டை வரும். வரட்டும் என்பதுதான் பதில். நாட்டிலேயே மிகப் பெரிய மார்க் கணக்கு அப்படித்தான் நடக்கிறது. மத்திய வரி வருவாயில் மாநிலங்களுக்கான பங்கை நிதிக் குழு பிரிக்கிறது. 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு 15-வது நிதிக் குழு வைத்த வெயிட்டேஜ் இது. வருமான இடைவெளி 45, மக்கள்தொகை 15, பரப்பளவு 15, மக்கள்தொகைக் கட்டுப்பாடு 12.5, காடும் சூழலும் 10, வரி வசூல் முயற்சி 2.5.

இந்தக் கணக்கில் தமிழ்நாட்டுக்குக் கிடைத்தது 4.079 சதவீதம். உத்தரப் பிரதேசத்துக்கு 17.939 சதவீதம். பணக்கார மாநிலம் என்பதால் 45 மார்க் கேள்வியில் நமக்கு அடி. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தியதற்குக் கிடைத்த 12.5 கொஞ்சம் தாங்கிப் பிடித்தது. இது நியாயமா இல்லையா என்று தமிழகக் கட்சிகளும் பொருளாதார நிபுணர்களும் வருடக்கணக்கில் வாதாடுகிறார்கள். வாதாட முடிகிறது என்பதுதான் முக்கியம். 45 என்ற எண் அறிக்கையில் அச்சாகி இருந்ததால், "அதை 35 ஆக்கு" என்று கேட்க முடிந்தது.

தொகுதி நிதியில் நிழற்குடையா வகுப்பறையா என்ற முடிவில் அப்படி ஒரு எண்ணை நம்மால் சுட்டிக்காட்ட முடிகிறதா? எந்த வேலை தேர்வானது என்ற பட்டியல் கிடைக்கும். எவ்வளவு செலவு என்பதும் கிடைக்கும். எது தேர்வாகவில்லை, எந்த அளவுகோலில் தோற்றது என்பது எளிதில் கிடைக்காது.

கிராமங்களில் இதைக் கேட்க ஒரு இடம் ஏற்கெனவே இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் நடக்கும் கிராம சபை. தண்ணீர் தினமான மார்ச் 22, உள்ளாட்சி தினமான நவம்பர் 1 ஆகிய தேதிகளும் தமிழ்நாட்டில் சேர்க்கப்பட்டுள்ளன. ஊராட்சியின் வளர்ச்சித் திட்டம் அங்கேதான் ஒப்புதலுக்கு வைக்கப்பட வேண்டும். வழக்கமாக வேலைகளின் பட்டியலை வாசிப்பார்கள், தீர்மான நோட்டில் கையெழுத்து வாங்குவார்கள், டீ கொடுப்பார்கள்.

பட்டியலை வாசிக்கும்போது, "முதல் வேலை ஏன் முதல்ல இருக்கு? விட்டுப்போன வேலை எது?" என்று எழுந்து கேட்டு, பதிலைத் தீர்மான நோட்டில் பதிவு செய்யச் சொல்லலாம். பதில் வரவில்லை என்றால், அந்த முன்னுரிமைப் பட்டியல் தொடர்பாக அலுவலகத்தில் உள்ள கோப்புக் குறிப்புகளின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். மனுவுக்கான கட்டணம் 10 ரூபாய்.